பெயர் சொல்லும் நேரம்

முரோரான் துறைமுகம்.
மீன் கூட்டுறவுச் சங்கத்தின் மாடியில்
பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, ஏழு பேர்.
மண்ணெண்ணெய் அடுப்பு முனகுகிறது.
எல்லோர் காலுறையிலும் ஈரம்.
ஆளுக்கு மூன்று சீட்டு, சீட்டுக்கு ஒரு ஹைக்கூ.
பெயர் எழுதக் கூடாது.

சீட்டுகளைக் கலைத்துப் பங்கிடுவோம்.
கைக்கு வந்த மூன்றையும்
அவரவர் கையெழுத்தில் படியெடுத்துச் சுற்றுக்கு விடுவோம்,
எழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடக் கூடாதே.
அதனால் இந்த அறையில்
ஒருவர் துக்கம் எப்போதும்
இன்னொருவர் கையெழுத்தில்தான் இருக்கும்.

மேசையின் அந்தக் கோடியில் யசுமாசா.
பத்தொன்பது வருடம் என் கணவர்.
பிரியும்போது எல்லாவற்றையும் பங்கு போட்டோம்,
சோற்றுக் குக்கர் அவருக்கு, தையல் இயந்திரம் எனக்கு.
இந்த இரண்டாம் ஞாயிறை மட்டும்
இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

சுற்றில் நான்காவதாக வந்த தாளில்,
மருந்துக்கடை இவாகிரியின் கோழிக்கிறுக்கலில்:

      உன் உயரத்துக்கு அறுத்த
      பனிவாரியின் பிடி —
      குனிந்தே தள்ளுகிறேன்

பேனா விரலிலேயே நின்றுவிட்டது.

கல்யாணமான முதல் குளிர்காலம்.
வாங்கி வந்த பனிவாரி என் தலைக்கு மேல் நின்றது.
யசுமாசா என்னை அதன் பக்கத்தில் நிற்கவைத்து
நெஞ்சளவில் பென்சில் கோடு போட்டு
ரம்பத்தால் அறுத்தார்.
மிஞ்சிய துண்டு ரொம்ப நாள்
குளியலறை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்தது.
அந்தப் பனிவாரியை விட்டுவிட்டுத்தான் வந்தேன்.
இப்போது குனிகிறாரா?
இடுப்பு வலிக்காரர்.

தேர்வு செய்தால் உரக்கப் படிப்பார்கள்.
படித்தால், எழுதியவர்
தன் பெயரைச் சொல்லியாக வேண்டும்.
யாரும் தொடாத சீட்டு யாருடையதும் அல்ல;
அடுப்படியில் கிடக்கும் கூடைக்குப் போகும்.

முதலில் அதை எழுதினேன். அடித்தேன்.
ஹெர்ரிங் மீன் வாலைப் பற்றிய ஒன்றை எழுதினேன்.
அதையும் அடித்துவிட்டு
மறுபடி இதையே எழுதினேன்.
தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.

"சுமிஎ தேர்வு" என்று என் பெயரைச் சொல்லி
இவாகிரி மூக்குக்கண்ணாடியை ஏற்றினார்.
உன் உயரத்துக்கு அறுத்த...
நான் தேநீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடுப்பு டிக் என்றது.

"நோபுஎ."

கதவோரத்திலிருந்து வந்தது குரல்.
பெண்கள் பள்ளியின் வாலிபால் பயிற்சியாளர்.
எங்கள் எல்லோரையும்விட உயரம்,
இந்த அறைக்குள்ளேயே தலைகுனிந்துதான் நுழைவாள்.
தனியாள் என்று நினைத்திருந்தோம்.
எட்டு வருடமாக நாய், மூடுபனி,
பேருந்தில் தூங்கும் மாணவிகள், மறுபடி நாய்.

யாருடைய உயரம் என்று யாரும் கேட்கவில்லை.
இங்கே அது வழக்கமில்லை.
இவாகிரி மட்டும்
"தள்ளுகிறேன் என்று முடித்தது சரி" என்றார்,
ஏதோ வினைச்சொல்லைப் பற்றிப் பேசுவதுபோல.
அவள் தலையசைத்தாள்.
முகம் சிவந்திருந்தது.
அடுப்பின் வெளிச்சமாகவும் இருக்கலாம்.

என் வெங்காயத்துக்கு இரண்டு ஓட்டு.
யசுமாசாவின் மூன்றுக்கும் ஒன்றுமில்லை.
கூடைக்குப் போனவற்றில் அவருடையவை எவை என்று
கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.
பத்தொன்பது வருடம்!
ஹெர்ரிங் அவருடையதாக இருக்கலாம்.
வால் நன்றாகத்தான் இருந்தது.

கீழே இறங்கினால் படியெல்லாம் புதுப் பனி.
நோபுஎ சங்கத்தின் பனிவாரியை எடுத்திருந்தாள்.
முழு நீளப் பிடி, அவள் நெஞ்சுவரை வரும்.
ஆனாலும் இடுப்பை மடித்து
பாதிப் பிடியில் கையை வைத்துத்
தள்ளிக்கொண்டிருந்தாள்.

வழி கேட்கவில்லை நான்.
கையுறையை மாட்டிக்கொண்டு
படியோரமாக நின்றேன்.