மினுக்கம் குறைய

பல்லுக்கு மினுக்கம் ஏற்றுவது என் ஜோலி.
மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
ரீசார்ஜ் கடைக்கு மேலே ஒற்றைச் சன்னல் லேப்.
பத்து வருஷமாய்
யார் யாருடைய ஈறுகளையோ
இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் வார்த்து
கண்ணாடியாகும் வரை துணிச்சக்கரத்தில் காட்டுகிறேன்.

அஜிலன் கொண்டுவந்து மேசையில் வைத்தது
சுடாத துப்பாக்கி.
இரும்பு சரி, துருகூட யோக்கியமான துரு.
பிடிதான் பிளாஸ்டிக்.
பழையதைப் பார்த்து அச்செடுத்த புதியது.
மரம் மாதிரி நிறம், செதுக்கின மாதிரி கட்டம்,
ட்யூப்லைட்டை அப்படியே திருப்பிக் காட்டுகிறது.
"கேமராவில எண்ணெ தேச்ச மொட்டை மாதிரி இருக்கு அக்கா.
அம்பத்தி நாலுல ஒரு எஸ்.ஐ.க்க துப்பாக்கி இது.
இந்த மினுக்கத்தக் கொல்லணும்."

ஐம்பத்து நாலு என்றால் எங்கள் ஊரில்
யாரும் விளக்கம் கேட்பதில்லை.
குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள்.

முதல் ராத்திரி
பாத்திரம் துலக்கும் கம்பி நாரால் தேய்த்தேன்.
பழசாகவில்லை,
பூனையிடம் மாட்டியதுபோல் கோடு கோடாய்ச் சிராய்ப்பு.
மறுநாள் மேட் வார்னிஷ்:
கல்யாண வீட்டு முகமாய்ப் பவுடர் பூத்தது.
காய்வதற்குள் துடைத்தெறிந்தேன்.
பிறகு எனக்குத் தெரிந்ததற்கே வந்தேன்.
பியூமிஸ் பொடி, தண்ணீர், பழைய டூத் பிரஷ்.
சக்கரம் வேண்டாம், கை போதும், வட்ட வட்டமாய்.
பல்செட்டுக்கு இது பாதி வழி,
இதற்கு மேலேதான் மினுக்கம் ஏறும்.
களியக்காவிளைக்கு டிக்கெட் எடுத்துவிட்டுக்
குழித்துறையில் இறங்கினவள்போல
அங்கேயே நின்றுகொண்டேன்.
பள்ளங்களில் கறுப்பு ஷூ பாலிஷ் திணித்து
மேட்டை மட்டும் துடைத்ததும்
பிளாஸ்டிக் தன் பெயரை மறந்தது.

ஆனாலும் செத்த மங்கல்.
எங்கும் ஒரே அளவு.

கொழுந்தனின் ரப்பர் வெட்டும் கத்தியை எடுத்துப் பார்த்தேன்.
கை படாத இடமெல்லாம் சாம்பல்,
கை படும் இடம் பளபள.
புதுசு எல்லாப் பக்கமும் மினுங்கும்,
பழசு ஒரே பக்கம்.
எந்தப் பக்கம்?

"உங்க எஸ்.ஐ. சுட்டாரா?" போனில் கேட்டேன்.
"அது கிளைமாக்ஸ் அக்கா. சொல்லமாட்டேன்."
"சுடுறவன் கை ஒரு இடத்தத் தேய்க்கும் மக்கா,
சும்மா வச்சிருக்கிறவன் கை வேற இடத்த."
அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும்.

நானே முடிவுசெய்தேன்.
உறையைவிட்டு உருவாத மனிதன்.
டீ குடிக்கும்போதும், மனு வாங்கும்போதும்,
கூட்டம் கத்தும்போதும்
வலது உள்ளங்கையைப் பிடியின் அடிமுனையில் சாய்த்தே
ஏழெட்டு வருஷம் ஓட்டியவன்.
வெளிப்பக்கத் தகட்டில் ஒரு ரூபாய் அகலம்.
அந்த இடத்தைப் பருத்தித் துணியால்,
மூக்கோரத்து எண்ணெயால்,
வெறும் பெருவிரலால்
மூன்று ராத்திரி தடவி
போன மினுக்கத்தைத் திரும்பக் கூப்பிட்டேன்.

தக்கலையில் படப்பிடிப்பு.
காக்கித் தொப்பியைச் சரிசெய்தபடி ரூபஸ்
இடது கையை நீட்டினான்.

அஜிலன் என்னைப் பார்த்தான்.
நான் லைட் ஸ்டாண்டைப் பார்த்தேன்.
அவன் உள்ளங்கை ஒரு பக்கம் படிய
நான் தேய்த்த ரூபாய்
மறு பக்கத்தில் தனியாக வெயில் வாங்கியது.
ரூபஸ் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான்.
"வேற யாருக்கயோ கையப் பிடிச்ச மாதிரி இருக்கு அக்கா."
"சர்க்கார் சாமான்தானே.
உனக்கு முன்ன ஒருத்தர் வச்சிருந்தாரு."
அதற்குப்பின் அவன் நிற்கும் தினுசே மாறிவிட்டது.

சுட்டானா என்று பார்க்க நான் நிற்கவில்லை.
சனிக்கிழமைக்கு ரெண்டு பல்செட் பாக்கி.
பஸ்ஸில் சில்லறைக்குப் பதில்
ஜிபே பண்ணச் சொன்னார் கண்டக்டர்.
திரையில் பெருவிரலை வைத்தேன், துடைத்துவிட்டு வைத்தேன்,
ஊதிவிட்டு வைத்தேன்.
பியூமிஸ் தின்ற ரேகை.
நான் நான் இல்லை என்கிறது போன்.