இல்லாத படகு

திங்கள், புதன், சனி.
விசைப்படகுக்குக் கடல் வாரத்தில் மூன்று நாள்.
மற்ற நாளெல்லாம் நாட்டுப்படகுக்கு.
அந்த மூன்று நாளில்
டீசல் கடனையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும்,
மடியோடு.

கரையோரம் வரக்கூடாது என்பது சட்டம்.
இறால் கிடப்பது கரையோரம்.
சேதுபாவாசத்திரத்துக்குக் கிழக்கே,
மல்லிப்பட்டினத்துப் பள்ளிவாசல் விளக்கு
பச்சைப் புள்ளியாய்த் தெரிகிற தூரத்தில்,
இரண்டு பாகம் தண்ணீரில்,
படகின் விளக்கை அணைத்துவிட்டு இழுத்தேன்.

மடி தட்டில் விழுந்தது.
நண்டு, காரல், கொஞ்சம் இறால்.
ஒரு கடல்குதிரை வாலைச் சுருட்டி
பிடிக்க ஏதும் இல்லாமல் காற்றைப் பிடித்தது.
மிச்சமெல்லாம் தாழை,
வேரோடு, சேற்றோடு, கூடை கூடையாய்.
அதற்குள் மூங்கில் சட்டம் ஒன்று.
குறுக்கும் நெடுக்கும் தேங்காய்நார்க் கயிறு,
கயிறெல்லாம் முடிச்சு முடிச்சாய்ப் புல்.

டார்ச் அடித்து முடிச்சைப் பார்த்தேன்.
எல்லாரும் இரண்டு சுற்று சுற்றுவார்கள்.
இது மூன்று சுற்று,
கடைசியில் இடதுபக்கம் ஒரு செருகல்.
சிந்தாமணி அப்படித்தான் கட்டுவாள்,
அரிசிப் பையை, துணிக்கொடியை,
பையனின் பள்ளிக்கூட ஷூவை.

திருச்சிற்றம்பலத்து வயற்காட்டுக்காரி.
நாற்றுமுடி கட்டிய விரல், நீச்சல் தெரியாது.
கரையில் கீற்றுக் கொட்டகைக்குள் குந்தி
நாளெல்லாம் கடலுக்கு நாற்றுக் கட்டுகிறாள்,
கூலி நானூறு.
ஜெகுபர் முங்கிக் கொண்டுபோய் வைக்கிறான்.
"கடைமடைக்கு ஆத்துத் தண்ணி வராட்டி என்ன,
நான் நட்டது தண்ணிக்குள்ளயே நிக்குது" என்பாள்.
"ஆவுளியா வந்து மேயுமாம்.
மேஞ்ச தடம் ஏர் ஓட்டின மாதிரி இருக்குமாம்.
நீ பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். ஒருதடவை.
மடிக்குள், மூச்சு அடங்கிய பிறகு.
இல்லை என்று சொல்லியிருந்தேன்.

சட்டத்தைத் திரும்பக் கடலில் போட்டேன்.
தலைகீழாய்த்தான் போயிருக்கும்.
கடல்குதிரையையும் போட்டேன்,
பிழைத்ததோ என்னவோ.

பிறகு ஜிபிஎஸ்ஸில் ஒரு குறி வைத்தேன்,
பாறைக்கு வைக்கிற குறி.
வாக்கி டாக்கியில் மாரிக்கண்ணுவைக் கூப்பிட்டு,
"அண்ணே, இங்க ஒரு உடைஞ்ச போட்டு கிடக்கு,
கஜா புயல்ல போனதா இருக்கும்.
என் மடி போச்சு" என்றேன்.
சொன்ன சொல்லுக்குச் சாட்சி வேண்டுமே.
கரை தெரியுமுன் கத்தியை எடுத்து
நாலு முழம் நானே கிழித்தேன்.
முதலாளி அதை என் பங்கில் பிடித்துக்கொண்டார்.

வாடை போய்ச் சோழகம் திரும்பிவிட்டது.
பக்கீர் மைதீன் அதே இடத்தில்
தன் மடியும் மாட்டியதாக
டீக்கடையில் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறான்.
வெள்ளைப் பெயின்ட், நாகப்பட்டினத்துப் பதிவு எண் என்று
எண்ணையே பாதி சொல்கிறான் இன்னொருவன்.
கேட்டுக்கொண்டிருக்கும்போது
எனக்கே ஒரு நொடி அணியம் தெரிகிறது,
சேற்றில் புதைந்து, பாசி ஏறி.
அந்தப் பக்கம் யாரும் இழுப்பதில்லை.
நானும் சுற்றித்தான் போகிறேன்,
போக வர இருபது லிட்டர் கூடுதல்.
அதை எந்தக் கணக்கில் எழுத என்று தெரியவில்லை.

நேற்று சிந்தாமணி மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்,
"சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல
புல்லு கைகோத்துக்கிச்சாம்.
ஜெகுபர் சொன்னான்."
செதில் தெறித்துக்கொண்டிருந்தது.
"தினமும் முங்குறவன்,
அங்க போட்டே இல்லைங்கிறான்."

"அவனுக்குக் கண்ணு சரியில்ல."

அவள் நிமிரவில்லை.
"பெரிய போட்டா?"

"பெருசுதான்."

"கிடக்கட்டும்" என்றாள்.