பதினான்கு சதவீதம்

ஆய்வுத் தலைப்பை மூன்று முறை மாற்றினேன்.
முதலில் 'காயமும் காசும்' என்றிருந்தது.
சினிமாப் பேர் மாதிரி இருக்கிறதென்றார் நெறியாளர்.
இப்போது அது நான்கு வரி நீளம்.
பஸ்ஸில் யாராவது கேட்டால்
'லா படிக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறேன்.

செவ்வாயும் வியாழனும் சத்துவாச்சாரியில் இறங்கி
தொழிலாளர் அலுவலகப் பதிவறைக்குப் போவேன்.
தணிகைமலை சார் பீரோவைத் திறந்துவிட்டு
ஜன்னலோரம் நின்று மாத்திரை விழுங்குவார்.
சிவப்புத் துணி மூட்டைகள்.
அவிழ்த்தால் தும்மல் வரும்,
அப்புறம் ஒரு கை வரும்,
ஒரு கண்,
டிரம்முக்குள் இறங்கி மயங்கிய மூன்று பேர்
(ஒரே மனு எண், அ, ஆ, இ).

சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது.
கட்டைவிரல் முப்பது.
சுட்டுவிரல் முழுசாகப் போனால் பதினான்கு,
இரண்டு கணு போனால் பதினொன்று.
நடுவிரல் பன்னிரண்டு.
மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் ஒரே விலை, ஏழு.
கல்யாணத்துக்கு முந்தின வாரம் இதைப் படித்தேன்.
மோதிரம் அளவெடுக்க வந்த ஆசாரியிடம்
ஏழு என்று சொல்லத் தெரிந்தேன்.

'ஆய்வு இடைவெளி எங்கே?'
குழுவில் கேட்டார்கள்.
லாரி மோதினால் தீர்ப்பாயம் வலிக்கென்று
தனியாக ஒரு தொகை போடும்.
மெஷின் இழுத்தால் சம்பளத்துக்கு மட்டும்தான் கணக்கு,
வலிக்குக் கட்டமே இல்லை.
இதுதான் இடைவெளி என்றேன்.
தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.
அன்று மாலை பிஸ்கட் நன்றாக இருந்தது.

இடைவெளியை நேரில் பார்த்தது பேரணாம்பட்டில்.
வலது கையில்,
கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில்.

சதை சீவும் மெஷின். ஈரத் தோல்.
வழுக்கிப் போனதைப் பிடிக்கப் போன விரல்.
'கையைத் தேடலமா நானு, தோலைத்தான் தேடினேன்,
கிழிஞ்சா சம்பளத்துல புடிப்பாங்கோ.'
இதை எந்தப் பத்தியில் சேர்ப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

கேஸ் ஆறு வருஷம் நடந்தது.
ஆலை முதலில் இவரைத் தெரியாதென்றது.
வருகைப் பதிவேடு மழையில் நனைந்துவிட்டதாம்.
அந்த வருஷம் பாலாற்றில்
மாடு குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை.
கடைசியில் தீர்ப்பானது
ஒரு லட்சத்து முப்பதாயிரத்து
எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

'அந்த எட்டு ரூபா எதுக்குமா?'

பெருக்கல் அப்படி வந்திருக்கிறது என்றேன்.
சிரித்தார். மனைவி கஸ்தூரி
டீயில் ஆடையை எடுத்துப் போட்டுக் கொடுத்தார்.

'உனக்கு இதுக்கு துட்டு தராங்களா?'
தருகிறார்கள் என்றேன்.
'எத்தினி?'
பொய் சொல்லியிருக்கலாம்.
முப்பத்தேழாயிரம், மாசத்துக்கு.
அவர் வாய்விட்டுக் கணக்குப் போடவில்லை.
நான்தான் போட்டேன், டீ ஆறும்வரை.
மூன்றரை மாதம்.
ஐந்து வருஷத்துக்கு எத்தனை விரல் என்று
மேலே போகாமல் நிறுத்திக்கொண்டேன்.
'நல்லா படி' என்றார்.
குத்தலாகச் சொன்ன மாதிரி இல்லை. அதுதான்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும்.
நடுவிரலில் பேனாவை அணைத்து
மெதுவாக, எழுத்தெழுத்தாகப் போட்டார்.
உங்கள் பெயர் வெளியே வராது,
ஆய்வேட்டில் 'தகவலாளர் 23' என்றிருக்கும்,
பயப்பட வேண்டாம் என்று
மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்.

'கேஸ்லயும் நம்பருதான், ஆஸ்பத்திரிலயும் நம்பருதான்.
பேரைப் போடுமா. எனுக்கு இன்னா பயம்?'

நெறிமுறைக் குழு ஒத்துக்கொள்ளவில்லை.
இரண்டு முறை கடிதம் எழுதினேன்.
நான்காம் இயல், பக்கம் 161,
தகவலாளர் 23, ஆண், வயது 42.

இது ஆய்வேடு இல்லை.
இவர் பெயர் முனிரத்தினம்.
அப்பா பெயர் சின்னசாமி.
அதிகாலை ஷிஃப்டுக்குப் போகும்போது
சைக்கிள் மணியை நடுவிரலால் அடிப்பார்.