பதினான்காம் பதிவகம்

இரவு இரண்டு பத்து, டர்பன்.
தண்ணீர்க் கட்டண ஓட்டம்
உம்லாசியைத் தாண்டி, சாட்ஸ்வர்த்தில்
மீட்டர் ஓடாத முதல் வீட்டு வாசலில்
விழுந்து கிடக்கிறது:
ஸீரோ ஸி ஏழு.

அந்த வீட்டுக்காகத்தான் என் கோபோல்
ஃபூரி எழுதிவைத்துப் போன
அசெம்பிளரைக் கூப்பிட்டது.
கூப்பிட்டதற்கும் வந்ததற்கும் பொது மொழி இல்லை.
எண்ணைக் கையில் கொடுக்கிற வழக்கமும் இல்லை;
இருக்கும் இடத்தைச் சொல்வோம்,
போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.
பார்த்தது.
போன வாரம் நான் எழுத்தெழுத்தாய் விரித்துவிட்ட லிட்டரை
பழையபடி மடித்த எண் என்று நம்பிக் கடித்து
பல் உடைந்து நின்றது.

குறிப்புகள் முழுக்க ஆப்ரிகான்ஸ்.
நொக்வாஸிதான் படித்தாள்,
பள்ளியில் பிரம்போடு வந்த மொழி,
எச்சில் துப்புவதுபோல ஒவ்வொரு சொல்லாக:
"உள்ளே வந்ததும்
அவர்களுடையதையெல்லாம் பத்திரப்படுத்து.
போகும்போது இருந்தபடியே வை.
திரும்பும் வழி பதினான்கில்."

நாகரிகமான ஆள்தான், என்றேன்.
"பதிவகங்களிடம்," என்றாள்.

ஒரே ஒரு சொல் மாற்றினேன்.
மறுபடி கூப்பிட்டது, போனது,
பதினான்கைப் பிடித்துத் திரும்பி வந்தது
கையில் பூஜ்யத்தோடு.

மூன்றரைக்கு அச்சு இயந்திரம் கத்தத் தொடங்கியது.
எங்கள் தெரு வந்தது. என் வீடும்,
நான்கு மாதப் பாக்கியோடு.