மூன்று மில்லி

ஏலச்சீட்டை ஒன்பதாயிரம் தள்ளி எடுத்த பணம்
கைப்பையில்.
இன்னொரு பையில் எவர்சில்வர் டிபன்பாக்ஸ்,
உள்ளே பிளாஸ்டிக் தாள் சுற்றிய
அரைக்கிலோ ஃபாண்டன்ட்.
ஐந்து ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள்
அதற்கு வியர்த்துவிட்டது.
எனக்கும்தான். சித்திரை மாதச் சேலம்.

"சப்பாத்தி மாவுல ஓட்டிக் காட்டறேங்க்கா" என்றான்
கடைக்காரப் பையன் குணாளன்.
வேண்டாம் தம்பி,
சப்பாத்தி மாவு எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.
இது மன்னிக்காது.
நகத்தின் பிறை பட்டால் பிறையைக் காட்டும்,
காற்றுப் பட்டால் வெடிக்கும்,
ஃபிரிட்ஜில் வைத்தெடுத்தால்
பொலபொலவென்று அழும்.

போன தை மாதம் ஏற்காட்டில் ஒரு கல்யாணம்.
மூன்றடுக்கை மடியோடு அணைத்துக்கொண்டு
கார் பின்சீட்டில்
கொண்டைஊசி வளைவுகளை எண்ணியபடி போனேன்.
இருபதில் பதினான்காவது திரும்பும்போது
கேக்கின் இடப்பக்கம் ஒரு கோடு ஓடியது,
தடிப்பும் மெலிவும் சந்திக்கிற இடத்தில்,
சத்தமில்லாமல்.
மண்டபத்தில் அதன்மேல்
ஒரு கொத்துக் காப்பிப்பூ பிழிந்து ஒட்டவைத்தேன்.
எல்லோரும் பூவைப் புகழ்ந்தார்கள்.
பெண்ணின் அத்தை மட்டும்
எதுவும் சொல்லாமல்
அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் இடதுகைதான் காரணம்.
பூரிக்கட்டையை அது எப்போதும்
ஒரு பொட்டு குறைவாகவே அழுத்தும்.
மணிக்கட்டு வீங்கிய பிறகு
அழுத்துவதாக நடிக்கும்.

கூட வந்தவர் அருமைநாதன், வீட்டுக்காரர்.
உருக்காலையில் குளிர் உருட்டுப் பிரிவு,
இருபத்தாறு வருட ஷிப்டு.
என் கேக் ஒன்றைக்கூட அவர் தின்றதில்லை,
என் சர்க்கரையை
அவர் சர்க்கரை தொடவிடாது.
பஸ்ஸிலும் வாய் திறக்கவில்லை.
மெஷினைக் கண்டதும்
சட்டைப்பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்து
விசிறி மாதிரி விரித்தார்.

குணாளன் என்னைப் பார்த்தான்.
நான் மோட்டாரைப் பார்த்தேன்.

இரண்டு உருளைக்கும் நடுவே
ஒரு தகட்டை நுழைத்து, இழுத்து,
இன்னொன்றை நுழைத்து,
காய்ச்சல் பார்ப்பவர்போல் தலைசாய்த்து நின்றார்.
"இந்தப் பக்கம் கால் மில்லி கூட இருக்கு."
"எந்தப் பக்கம்?"
"இடது."

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.
என்ன ஏதென்று தெரியாத பையன்
பயந்துபோய்
இரண்டாயிரம் குறைத்தான்.

அவரே ஸ்குரூவை அரைக்கால் சுற்றுத் திருகினார்.
நான் டப்பாவிலிருந்து மரவள்ளி மாவைத் தூவினேன்.
(ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு
சோளமாவு வாங்குவானேன்?)
காலடியில் ஒரு மிதி, தையல் மிஷின்போல.
மிதித்தேன்.
பத்து மில்லி, ஏழு, ஐந்து,
ஒவ்வொரு முறையும் போனது போனபடி
அகலமாகித் திரும்பி வந்தது.
என் கைகள் இரண்டும்
பந்திக்கு முந்தி வந்துவிட்ட விருந்தாளிகள்போல்
எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றன.

முப்பத்தெட்டுக் கிலோ.
குட்டியானையில் ஏற்றி
மோகன் நகர் குவார்ட்டர்சுக்குக் கொண்டுவந்தால்
சமையலறைக் கதவு இடம் கொடுக்கவில்லை.
ஹாலில், டிவிக்குப் பக்கத்தில்,
ஒரு பழைய போர்வைக்குக் கீழே நிற்கிறது.
வைகாசியில் நான்கு ஆர்டர்,
அதில் ஒன்று மலைமேல்.
பூரிக்கட்டைக்கு இனி பூரி மட்டும்.

ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் சத்தம்.
எழுந்து போனேன்.
டியூப்லைட் வெளிச்சத்தில் கைலியோடு நின்று
மிச்சத் துண்டை உருட்டிக்கொண்டிருந்தார்,
கையில் மைக்ரோமீட்டர்.
"மூணு" என்றார், நிமிராமல்.
"ரெண்டு பக்கமும் மூணு."

உதட்டோரம் வெள்ளையாக ஏதோ.
மரவள்ளி மாவாக இருக்கும்.
நானும் கேட்கவில்லை.