குலுக்கக் கூடாது

தை மாதம் காந்தலில்
எங்கள் வீட்டிலேயே கதகதப்பான இடம்
ஃபிரிட்ஜ்தான்.
உள்ளே நாலு டிகிரி.
வெளியே கேரட் பாத்தியின் மேல்
கல்லுப்பு கொட்டினாற்போல் உறைபனி.
மருந்து உறைந்தால் வீண்.
கரண்டு போன ராத்திரிகளில்
குப்பிகளை இன்னாசியின் பழைய ஸ்வெட்டரில் சுற்றி
அரிசி டப்பாவுக்குள் இறக்கி
மூடியின் மேல் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிறு, ஒன்பது மணி.
அவர் தூங்குகிறார். ஒரு மணிக்கு எழுந்து
கேரட் கழுவப் போக வேண்டும்.
ஊசி குத்த அந்தக் கையை நம்ப முடியாது,
விடிய விடியத் தண்ணீரில் ஊறி
விரல் நுனிக்கு எதுவும் தெரிவதில்லை.
நானே செய்துகொள்கிறேன்.

இரண்டு குப்பி, இரண்டு கக்கத்தில்.
இருபது நிமிஷம் அடை.

குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும்.
என் மாமனார் மார்க்கெட்டில்
ஒரு முழ உயரத்தில் டீ ஆற்றி
நுரையாலேயே பெயர் வாங்கியவர்.
அவர் இருந்திருந்தால்
இந்த மருந்தை என்னிடமிருந்து பிடுங்கியிருப்பார்.
பல்புக்கு நேரே சாய்த்துப் பார்க்கிறேன்:
வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறம்.

தொப்புளுக்கு இந்தப் பக்கம் நாலு விரல்,
அந்தப் பக்கம் நாலு விரல்.
சதையைக் கிள்ளி, குத்தி,
சிரிஞ்சை ஒரு இழை பின்னால் இழுக்க வேண்டும்.
சிவப்பு வந்தால் பிடுங்கிவிடு என்று நர்ஸ் சொன்னார்.
ரத்தத்திலிருந்து வந்த மருந்துதான்,
ஆனாலும் நேராக ரத்தத்துக்குள் நுழையக் கூடாது.
தோலுக்கடியில் காத்திருந்து
விசாரித்துக்கொண்டு போகும்.

இன்று சிவப்பு இல்லை.
சாவி கொடுத்த பொம்மை மாதிரி
கரண்டில்லாமலே தள்ளுகிறது பம்ப்.

முன்பெல்லாம் மாதம் ஒரு தரம் கோயம்புத்தூர்.
பர்லியார் தாண்டுவதற்குள் பாலிதீன் பையில் வாந்தி,
நாள் முழுக்க நரம்பில் சொட்டு,
திரும்பி ஏறும்போது
வளைவுக்கு வளைவு தலை பிளக்கும்.
அதற்கும் முன்னால் ஏழு நிமோனியா.
டிபி மாத்திரை இரண்டு தரம், டிபியே இல்லாமல்.
முப்பத்தொன்றில்தான் ஒரு டாக்டர்
ரத்தத்தில் எண்ணச் சொன்னார்.
“உங்க உடம்பு சண்டைக்கு ஆளே எடுக்கலம்மா.”
பேர்?
ஆரோக்கியமேரி.
சீட்டு எழுதிய பையன் சிரித்துவிட்டு
மன்னிப்புக் கேட்டான்.
நானும் சிரித்தேன், இருமலில் போய் முடிந்தது.

நாத்தனார் ஒரு நாள் கேட்டாள்,
“யார் யார் ரத்தமோ, என்ன ஜாதியோ?”
குப்பி ஸ்டிக்கரை உரித்து நோட்டில் ஒட்டினேன்.
“இதோ நம்பர். ஆயிரம் பேருக்கு மேல.
என்ன நாடுன்னே தெரியாது.
நீ விசாரிச்சுச் சொல்லு.”
அவள் டீயைக் குடிக்காமல் போய்விட்டாள்.

நான் படகு இல்லத்தில் டிக்கெட் கொடுக்கிறேன்,
மூன்றாம் ஜன்னல்.
மே மாதம் வந்தால்
ஊர்பட்ட இருமலும் குனிந்து
அந்த ஓட்டையில் வாயை வைத்து
பெடல் போட் கேட்கும்.
ஈர நோட்டு. குழந்தையின் மூக்கைத் துடைத்த அதே விரல்.
மாஸ்க்குக்குள் மூச்சை நிறுத்திச்
சில்லறையைத் தள்ளுவேன்.
வெறுத்திருக்கிறேன், சொல்வதற்கென்ன,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற எல்லாரையும்.

இப்போது வயிற்றில் முட்டி நிற்கும்
இந்த இரண்டு மேடும் அந்தக் கூட்டம்தான்.
அதே ஆட்களாக இருக்க வேண்டியதில்லை, அதே மாதிரி ஆட்கள்.
யாரோ ஏழு வயதில் அம்மை வார்த்து
வேப்பிலையில் கிடந்தது,
யாரோ தடுப்பூசிக்கு அழுதது,
பிறகு ஒரு மத்தியானம் சட்டைக் கையை மடக்கிப் படுத்தது.
அவர்களுக்கே மறந்துபோன காய்ச்சல்
எனக்குள் நினைவிருக்கிறது.
மூன்று வாரத்தில் பாதி கரைந்துபோகும்.
அதனால்தான் ஞாயிறுதோறும்.

விடிந்தால் மேடு இருக்காது,
கொஞ்சம் அரிப்பு இருக்கும்.
குழாயில் பனிக்கட்டியை வெந்நீர் ஊற்றி உடைப்பேன்.
இன்னாசி வந்து டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு
குடிக்காமலே நிற்பார்.
ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்குவேன்.
முதலில் நிற்பவர்
தும்மிவிட்டு நோட்டை நீட்டுவார்.
மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு கேட்பேன்,
எத்தனை பேர்?