ஏணியும் விற்பனைக்கு

முதல் நாள், டல்லாஸிலிருந்து வந்தவர்
எல்லா விலையையும் ஏற்றினார்.
மறுநாள் பத்து சதவீதம் தள்ளுபடி என்று
மஞ்சள் அட்டை தொங்கவிட்டார்.
பெயர் ப்ரென்ட். கெட்டவர் இல்லை.
மூடுவதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்,
இது அவருக்கு நாற்பத்தோராவது கடை.
எங்கள் காபி மெஷினைத் தட்டிப் பார்த்து
"இது நல்ல விலைக்குப் போகும்" என்றார்.

டுலூத்தில் அது பிப்ரவரி.
ஏரி கண்ணுக்கெட்டியவரை உறைந்து கிடந்தது.
கார் நிறுத்துமிடத்தில்
பதினெட்டு ஆண்டுகளில் நான் பார்த்திராத கூட்டம்.
இத்தனை பேரும்
இந்த ஊரிலேயேதான் இருந்திருக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் கேள்வி கேட்பார்கள்.
கறுப்பு எவ்வளவு கறுப்பு,
சுவரில் மாட்ட எத்தனை திருகு,
ஜன்னல் வெயிலில் முகம் தெரியுமா.
எல்லாம் சொல்வேன். கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள்.
பிறகு வாசலின் இரண்டு கதவுகளுக்கு நடுவே,
ஹீட்டர் ஊதும் அந்த ஆறடி இடத்தில் நின்று,
கையுறையைக் கழற்றி,
போனில் வாங்கிவிட்டுப் போவார்கள்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
என் ஹெட்போனை நானும் அப்படித்தான் வாங்கினேன்,
இந்தக் கடையின் கழிவறையில் உட்கார்ந்து,
இந்தக் கடையின் வைஃபையில்.

வெய்க்கோ லாம்பி மட்டும் எதுவும் விசாரித்ததில்லை.
இரும்புத்தாது ரயிலில் இருந்து ஓய்வு பெற்றவர்.
மதியம் இரண்டு மணிக்கு வந்து
டிவிச் சுவரின் முன் நிற்பார்.
முப்பத்திரண்டு திரையிலும் ஒரே மீன் திரும்பும்.
அவருக்காக ஓரத்து டிவியில் கர்லிங் வைப்பேன்.
பனித்தளத்தில் கல்லைத் தள்ளிவிட்டு,
விருந்தாளி வாசலுக்கே வந்துவிட்டதுபோல்
இருவர் அதன் முன்னால்
பெருக்கிக்கொண்டே ஓடும் ஆட்டம்.
திரையின் மூலையில் எங்கள் விலை ஒளிரும்,
சரியாகப் புள்ளிக் கணக்கின் மேல்.
"எத்தனை?" என்பார்.
கல்லாக் கணினியில் பார்த்துச் சொல்வேன்.
நாற்காலி போட்டால் உட்கார மாட்டார்.
உட்கார்ந்தால் வாங்க வேண்டியிருக்கும் என்று பயமோ என்னவோ.

மூன்றாம் வாரம் அறுபது சதவீதம்.
மீன்கள் ஒவ்வொன்றாய்ப் போயின.
கேபிள் போயிற்று,
கேபிள் தொங்கிய கொக்கி,
கொக்கி மாட்டிய பலகை.
பலகையைக் கழற்ற ஏணியில் நிற்கிறேன்,
கீழிருந்து ஒருவர்
ஏணி என்ன விலை என்கிறார்.

அன்றுதான் லாம்பி பர்ஸைத் திறந்தார்.
ஓரத்து டிவி, நூற்று நாற்பது டாலர்.
இதில் ஒரு குறை இருக்கிறது என்றேன்.
இரண்டு வருடம் ஒரே மூலையில் எரிந்து எரிந்து
விலை திரைக்குள்ளேயே பதிந்துவிட்டது,
என்ன படம் போட்டாலும் நிழலாய்த் தெரியும்.
"அது எப்போதும் அங்கேதானே இருந்தது" என்றார்.

கடைசி நாள் கடைத் தொலைபேசி அடித்தது.
அதன் முதுகில் நான்கு டாலர் என்று ஒட்டியிருந்தது.
"மூலையில் விலை போகமாட்டேன் என்கிறது."
விற்றது விற்றதுதான், பில்லிலேயே இருக்கிறது என்றேன்.
"திருப்பித் தரக் கூப்பிடவில்லை.
புள்ளி அதன் பின்னால் இருக்கிறது.
ஆறா, எட்டா?"

கல்லாக் கணினி காலையிலேயே போய்விட்டது.
வைஃபையும் இல்லை.
ஒரு காதில் அவர் மூச்சு,
அவருக்குப் பின்னால் துடைப்பச் சத்தம்,
இன்னொரு கையில் என் போன்,
ஒற்றைக் கோடு சிக்னலில் சுற்றிக்கொண்டே.
தொலைபேசியை வாங்கியவர்
ப்ரென்டிடம் காசைக் கொடுத்துவிட்டு,
ஒயரின் மறுமுனையைப் பிடித்தபடி
பொறுமையாகத்தான் நின்றார்.

"ஆறு" என்றேன். "கனடாவுக்கு."
"அப்போது தோற்கிறோம்."
"ஆமாம்.
இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது."